உவமையும் வாய்மையும்

சிவமயம்

அட்டனிலிருந்து நானுஓயா நோக்கிச் செல்லும் புகையிரதம் கொட்டகலையை அடையுமுன் சிங்கமலைச் சுரங்கத்துட் புகுகின்றது. அரைக் கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளமுடைய அவ்விருளினுள்ளே பெட்டிகளிலிருக்கும் பிள்ளைகள் கூவி ஆரவாரிப்பர். மலைக்கு இப்பாலிருந்த வண்டி சிறிது நேரத்தில் அப்பாற் காணப்படும். அது மலையின்மேல் ஏறவில்லை. மலையை ஊடறுத்துச் சென்றது. நானுஓயா வரைக்கும் இருப்புப்பாதை திறக்கப்பட்ட 1885ஆம் ஆண்டு முதலாக மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு இது பழகிய காட்சியாயிற்று.

சென்ற நூற்றாண்டிலே பௌதிக நூலார் அணுவினும் நுண்ணிய பொருள்களிடத்து ஓர் அதிசயத்தைக் கண்டனர். தடையொன்றை ஏறிக் கடத்தற்கு வேண்டிய சக்தி இல்லாத துணிக்கையும், அத்தடையின் மறுபுறத்தே சிற்சில வேளைகளிற் காணப்படுகின்றது. இதற்குச் சுரங்கமிடுதல் என்னும் பொருளுடைய பெயரை மேனாட்டார் இட்டனர். நாமும் அதனைத் தழுவிச் சத்திச்சொட்டுச் சுரங்க விளைவு என்கின்றோம். சத்திச்சொட்டு என்பது குவாண்டம் எனப் பலரும் வழங்குவதேயாம். இப்பெயரைக் கேட்டவுடன் மலைநாட்டுப் பிள்ளையின் மனத்தில் எழுவது சிங்கமலையே. ஆசிரியரும் அதனையே உவமையாக எடுப்பர்.

ஈண்டு ஒரு வினா எழுகின்றது. உவமை முற்றும் பொருந்தாது என்று அறிந்தும் அதனைப் பிள்ளைக்குக் கூறும் ஆசிரியர் வாய்மையினின்றும் வழுவினராவரா? அவ்வுவமையைச் சமயத்துக்குச் சான்றாகத் திருப்பிவிடுதல் நன்றோ, தீதோ? சிறுவினாப் போலத் தோன்றினும் இது சிறிதன்று. தோட்டப்புறத்துப் பாடசாலையிற் பயிலும் பிள்ளைகள் பலருக்கு, வகுப்பிலே கேட்டதனை வீட்டிலே ஒத்துப்பார்த்துத் திருத்துவார் இலர். ஆசிரியர் வாயினின்றும் வந்ததே அவர்க்கு நூல். ஆதலின் நம்முடைய ஒரு சொல்லின் பிழை, நகரத்துப் பிள்ளைக்கு ஒருநாட் பிழையாயின், இப்பிள்ளைக்கு வாழ்நாட் பிழையாதல் கூடும்.

பிறரை நோக்கிக் கூறுமுன் நம் குற்றத்தை ஒப்புக்கொள்ளுதல் முறை. சில ஆண்டுகளுக்கு முன் நுவரெலியா மாவட்டத்துப் பாடசாலையொன்றில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்பொருளை நாம் சொல்லப் புகுந்தோம். மழைக்காலத்துப் பிற்பகல். மூடுபனி சன்னலளவும் வந்து நின்றது. பிள்ளைகளின் கண்களிலே உறக்கம் குடிகொண்டது. அவர்களை எழுப்பவேண்டும் என்னும் ஆசையால், "சித்தர்கள் சுவரினூடே புகுந்து சென்றார்கள் என்று கேட்டிருக்கின்றீர்களல்லவா? அதனையே மேனாட்டார் இன்று கண்டுபிடித்திருக்கின்றனர்" என்றோம். வகுப்பு விழித்துக்கொண்டது. நாமும் மகிழ்ந்தோம்.

இரண்டு கிழமை கழிந்தபின், கொழுந்தெடுக்கும் தாயொருத்தியின் மகளாகிய மாணாக்கி ஒருத்தி கணக்குக் கொப்பியுடன் நம்மிடம் வந்தாள். "ஐயா, ஐம்பது கிலோ நிறையுள்ள ஒருவர் ஒரு சாதாரணச் சுவரைக் கடக்கும் நிகழ்தகவைப் புத்தகத்துச் சமன்பாட்டிலே இட்டுப் பார்த்தேன். பூச்சியம், புள்ளி, அதற்குப் பின் எழுதவேண்டிய பூச்சியங்களின் தொகை மட்டுமே, ஒன்றின் பின் முப்பத்தைந்து பூச்சியம் இட்ட எண்ணளவு வருகின்றது. செக்கனுக்கு ஒரு பூச்சியமாக உலகம் தோன்றிய நாள் முதல் எழுதினாலும் முடியாது. நடவாது என்பதற்கு இது வேறு பெயர்தானே?" என்றாள். ஆம் என்றோம். "அப்படியானால் நீங்கள் சொன்ன சான்று பிழை. சித்தர் கதையும் பிழையா? வெள்ளிக்கிழமைகளிற் கோயிலிலே நீங்கள் சொல்லுகின்ற மற்றவையும் இப்படித்தானா?" என்று கேட்டாள். அவள் குரலிலே ஏளனம் இல்லை, அச்சமே இருந்தது. நாம் விடைகூற இயலாது நின்றோம். அன்று கூறாத விடையை ஆராய்ந்து கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

முதலிற் பொருளைத் தெளிவோம். பள்ளத்திலே விளையாடும் சிறுவன் மேட்டை நோக்கிப் பந்தை உருட்டுகின்றான். உருட்டிய வேகம் போதுமாயின் பந்து மேட்டைக் கடந்து அப்பால் விழும். போதாதாயின் பாதியிலே நின்று திரும்பும். இலட்சம் முறை உருட்டினும் இவ்விதி மாறாது. துணிக்கையோ அத்தகைய பந்தன்று. அஃது எவ்விடத்திற் காணப்படும் என்பதனை ஓர் அலை அளந்து கூறுகின்றது. அலை மிக்கவிடத்தே துணிக்கை காணப்படும் நிகழ்தகவு மிகும். அலை குறைந்தவிடத்தே அது குறையும். தடையை எதிர்ப்பட்ட அவ்வலை அதன் முகப்பிலே சடுதியாக அற்றுப்போவதில்லை. தடையினுள்ளே புகுந்து, செல்லச் செல்லத் தேய்கின்றது. முற்றத் தேயுமுன் தடை முடிந்துவிடின், எஞ்சிய சிறிது அலை மறுபுறத்தே வெளிப்படும். அவ்வெஞ்சிய அலையின் அளவுக்கேற்பத் துணிக்கை அப்பாற் காணப்படும் நிகழ்தகவும் உண்டாகும். இவ்வளவே சுரங்க விளைவாவது.

இதற்கு உவமை யாது? சிங்கமலை உவமை ஓரிடத்திற் பொருந்தும்; இரண்டிடத்திற் பொருந்தாது. மலையின்மேல் ஏறாமலே அப்பாற் செல்லுதல் இரண்டற்கும் பொது. ஆயின், சிங்கமலையை மனிதர் குடைந்தனர். மலையிலே துளை உண்டாயிற்று. துணிக்கை கடந்த தடையிலே துளையில்லை. தடை முன்போலவே உள்ளது. மேலும், சுரங்கத்துட் புகுந்த வண்டி இன்ன கணத்தில் இன்னவிடத்து நிற்கின்றது என்று கூறலாம். துணிக்கைக்கு அவ்வாறு தடையினுள்ளே வழியொன்றை வகுத்துக்கூற இயலாது.

இன்னும் ஓர் உவமை பல நூல்களில் வழங்குகின்றது. துணிக்கை சிறிது சக்தியைக் கடனாகப் பெற்று, தடையின்மேல் ஏறி, அப்பால் இறங்கியவுடன் கடனைத் தீர்த்துவிடுகின்றது என்பர். கங்காணியிடம் முற்பணம் பெற்ற நம் முன்னோரின் வரலாறு அறிந்த பிள்ளைகள், அத்துணை எளிதிலே தீருங் கடன் எங்கேயுண்டு என்று நகைப்பர். நகைப்பது முறையே. துணிக்கையின் சக்தி தடைக்கு முன்னும் பின்னும் ஒன்றே. ஏறியிறங்கும் கணக்கொன்று அச்சமன்பாட்டில் இல்லை. ஆகவே இவ்வுவமையைக் கைவிடுதல் நலம்.

நம் பிள்ளைகள் நன்கறிந்த வேறோர் உவமை உண்டு. லயத்திலே ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் இடையே ஒரு சுவரே உள்ளது. அப்பால் ஒருவர் பேசினால், சொல் தெளியாவிடினும், இப்பால் மெல்லிய ஒலி கேட்கும். சுவர் தடித்ததாயின் ஒலி இன்னும் மெலியும். ஒலி சுவரைத் துளைக்கவில்லை, சுவரின்மேல் ஏறவுமில்லை, சுவரினுள்ளே தேய்ந்து, எஞ்சியது வெளிவந்தது. அலை தடையினுட் புகுந்து தேய்தலை இவ்வுவமை நன்கு காட்டும். ஆயினும் இதற்கும் எல்லையுண்டு. அடுத்த காம்பராவிலே ஒலியின் ஒரு கூறு எப்பொழுதும் மெல்லிதாகக் கேட்கும். துணிக்கையோ கூறுபடாது. காணுந்தோறும் அது முழுவதும் இப்பால் இருக்கும், அல்லது முழுவதும் அப்பால் இருக்கும். மெலிவது துணிக்கையன்று, அப்பாற் காணப்படும் நிகழ்தகவே. இவ்வெல்லையைச் சொல்லாது விட்ட ஆசிரியர், இலத்திரன் சுவரிலே பாதி அரைபட்டு வெளிவருகின்றது என்று பிள்ளை எண்ணுதற்கு இடங்கொடுத்தவராவர்.

தடையின் தடிப்பு சமமான படிகளால் ஏறும்போது, நிகழ்தகவு சமமான விகிதங்களால் இறங்கும் என்பது இங்கே நினைவிற் கொள்ளற்பாலது. 1981ஆம் ஆண்டிலே பின்னிக், ரோரர் என்னும் இருவர் சூரிச்சு நகரத்தில் இவ்விதியைக் கொண்டே அணுக்களைக் காட்டும் நுணுக்குக்காட்டியை ஆக்கினர். அதிலே ஊசிமுனைக்கும் பொருளின் மேற்பரப்புக்கும் இடையிலுள்ள வெளி, ஒரு மில்லிமீற்றரின் ஒரு கோடியில் ஒரு பங்கு அதிகரிப்பின், கடந்து செல்லும் மின்னோட்டம் ஏறத்தாழப் பத்திலொன்றாகிவிடும். ஆதலின் இவ்விளைவு நுண்பொருள்களிடத்தே, மெல்லிய தடைகளிடத்தே நிகழ்வதன்றி, மனிதரிடத்தும் மதிலிடத்தும் காணப்படுவதன்று. மாணாக்கியின் கணக்கு இதனையே காட்டிற்று.

அற்றேல், நம் நாட்டு மண்ணிலே இதற்கு எடுத்துக்காட்டு உண்டோ எனின், சிறந்ததொன்று உண்டு. நுவரெலியா மலைகளுக்குத் தெற்கே சபரகமுவாவிற் பலாங்கொடைப் பகுதியில், மாணிக்கம் அரிக்கும் மணலிலே கனத்த கருநிறக் கனிப்பொருளொன்று காணப்பட்டது. அக்காலத்திலே இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைவராயிருந்தவர் ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வராகிய இவர் 1877ஆம் ஆண்டு கொழும்பிற் பிறந்தவர். 1904ஆம் ஆண்டிலே அக்கல்லைக் கண்டு, முதலில் அதனை யுரேனினைற்று என்று குறித்தார். வின்தாம் தன்ஸ்தன் என்பார் பகுத்துப் பார்த்து, அது முன்னறியப்படாத புதிய கனிப்பொருள் என்று காட்டினார். தோரியம் மிகுந்ததாகலின் தோரியனைற்று எனப் பெயர் பெற்றது. முதற்குறிப்பு மாறிற்று, கல்லின் உண்மை நின்றது. அடுத்த ஆண்டிலே, இலண்டனில் வில்லியம் இராம்சேயின் ஆய்வுகூடத்திலிருந்த ஒற்றோ கான், இலங்கைத் தோரியனைற்றிலிருந்தே இரேடியோதோரியம் என்னும் பொருளைப் பிரித்தறிந்தார்.

இக்கல்லுக்கும் நம் பொருளுக்கும் என்ன இயைபு? தோரியத்தின் கரு, இரு புரோத்தனும் இரு நியூத்திரனும் சேர்ந்த அல்பாத் துணிக்கையை வெளிவிடுகின்றது. அத்துணிக்கையைக் கருவினுள்ளே தடுத்துநிற்கும் சக்தித்தடையின் உயரம், பத்து இலட்சம் இலத்திரன்வோற்றை ஓரலகாகக் கொண்டால், 20 அலகுக்கு மேற்பட்டது. துணிக்கையின் சக்தியோ ஏறத்தாழ 4 அலகே. ஏறிக் கடத்தல் இயலாது. ஆயினும் அது வெளிவருகின்றது. இப்புதிரை 1928ஆம் ஆண்டிலே சார்ச்சு காமோவும், அவரின் வேறாகக் கேணி, கொண்டன் என்னும் இருவரும், சுரங்க விளைவினால் விடுவித்தனர்.

அவ்விடுவிப்பின் வலிமையை அறிய ஒரே கல்லினுள் இருக்கும் இரு கருக்களை ஒப்பிட்டால் அமையும். தோரியக் கருக்களிற் பாதி சிதைதற்கு ஏறத்தாழ 1400 கோடி ஆண்டு வேண்டும். அஃது அண்டத்தின் வயதிலும் சற்று மிகுதி. அத்தோரியம் படிப்படியாக மாறி ஈற்றில் ஈயமாகுமுன், பொலோனியம் என்னும் கருவாகின்றது. அப்பொலோனியத்தினின்று வரும் அல்பாத் துணிக்கையின் சக்தி 8.8 அலகு. அதன் பாதி சிதைதற்கு வேண்டிய காலம், ஒரு செக்கனைப் பத்து இலட்சம் கூறிட்டால் அதில் ஒரு கூற்றின் மூன்றிலொரு பங்களவே. சக்தி இருமடங்குக்குச் சிறிது மிகுந்தது. காலமோ ஒன்றின் பின் இருபத்துநான்கு பூச்சியம் இட்ட மடங்கு குறைந்தது. சக்தி கூடும்போது அத்துணிக்கைக்குத் தடை மெலிகின்றது. தடை சிறிது மெலிந்தாலும் நிகழ்தகவு பெரிதும் உயர்கின்றது. பலாங்கொடை மணலிற் கிடந்த ஒரு கல் இவ்விரண்டையும் தன்னுள்ளே வைத்திருக்கின்றது.

சூரியனும் இவ்விளைவினாலேயே ஒளிர்கின்றது. அதன் நடுவிலே வெப்பநிலை ஏறத்தாழ ஒன்றரைக் கோடிப் பாகை. அவ்வெப்பமும், ஒன்றையொன்று தள்ளும் புரோத்தன்களைத் தடையின்மேல் ஏற்றி ஒன்றுசேர்த்தற்குப் போதாது. அவை தடையினூடே சேர்கின்றன. பனி விலகிய காலைகளில் நம் தேயிலைச் செடிகளின்மேல் விழும் வெயில் அச்சேர்க்கையின் பயன். பிள்ளைகளின் வீட்டிலுள்ள கைத்தொலைபேசியின் நினைவகத்திலும் இலத்திரன்கள் மெல்லிய காவற்படலத்தை இவ்வாறே கடக்கின்றன. 2025ஆம் ஆண்டின் பௌதிகத்துக்குரிய நோபெல் பரிசு, கிளாக்கு, தெவோரே, மாட்டினிசு என்னும் மூவர்க்கு, கையிற் பிடிக்குமளவான மின்சுற்றிலே இவ்விளைவை 1984, 1985ஆம் ஆண்டுகளிற் காட்டியமைக்காக வழங்கப்பட்டது. ஆகவே இப்பொருளை நம் பிள்ளைகளுக்குக் கற்பியாது விடுதலும் ஒரு குற்றமேயாம்.

இனி அறவினாவுக்கு வருவோம்.

உவமை எல்லாம் ஓரளவிற் பொய்யாதலின், உவமையே கூறாது சமன்பாட்டை மட்டும் கூறுதல் வாய்மைக்கு உகந்ததன்றோ எனின், அன்று. தொடக்கத்திலே நிற்கும் பிள்ளைக்கு வெறுஞ் சமன்பாட்டைக் கொடுத்தல், பசித்தவனுக்கு நெல்லைக் கொடுத்தல் போலும். பொருள் மெய்யே; பயன் இல்லை. உவமையை ஒருபுடையொப்பு என்பர் நம் முன்னோர். ஒரு புடை ஒக்கும், மறுபுடை ஒவ்வாது. ஒக்கும் புடையைக் காட்டி ஒவ்வாப் புடையை மறைத்தலே பொய். இரண்டையும் காட்டுதல் வாய்மை.

இந்நெறியை நாம் மேனாட்டாரிடம் கடன்கொள்ள வேண்டுவதில்லை. இறைவனுக்கும் உயிருக்கும் உள்ள அத்துவித இயைபைக் கூறப்புகுந்த உமாபதி சிவாசாரியார், சிவப்பிரகாசத்திலே செய்ததனை ஆசிரியர்கள் நினைக்க. பொன்னும் அணிகலனும் என்னும் உவமை இரண்டும் ஒன்றே என்று மயங்கச் செய்யும். இருளும் ஒளியும் என்பது முற்றும் வேறென்று மயங்கச் செய்யும். சொல்லும் பொருளும் என்பது ஒருவாற்றால் ஒன்றும் ஒருவாற்றால் வேறும் என்று மயங்கச் செய்யும். இம்மூன்றையும் விலக்கி, உடலும் உயிரும், கண்ணும் ஞாயிறும், அறிவும் கண்ணொளியும் என்பவற்றை அவர் வேண்டினார். பரம்பொருளைப் பற்றிய உவமையையே இவ்வாறு நிறுத்துக் கொள்ளுவனவும் தள்ளுவனவும் வகுத்த மரபில் வந்த நாம், இலத்திரனைப் பற்றிய உவமையிலே கவனமின்றி இருத்தல் தகுமா? சிவஞானசித்தியாரும், ஒப்பு முதலாகப் பிறர் வேண்டும் அளவைகளையெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கிற்று. ஒப்பு தனித்து நின்று ஒன்றனை நிறுவும் அளவையன்று என்பது இதனாற் பெறப்படும். விளக்குதற்கு உவமை உதவும், நிறுவுதற்கு உதவாது.

அற்றேல், சமயப்பற்று வளரும் பொருட்டு, சுரங்க விளைவைச் சித்தர் செயலுக்குச் சான்றாகக் கூறின் என்னை? நன்னோக்கத்தாற் கூறும் சிறு மிகையன்றோ எனின், அந்நோக்கமே அதனாற் கெடும் என்க. அணிமா முதலிய சித்திகளைத் திருமந்திரம் யோகத்தின் பயனாகக் கூறுமேயன்றி இலத்திரனின் இயல்பாகக் கூறவில்லை. இரண்டும் ஒன்றாயின், தவமும் ஞானமும் இல்லாத இலத்திரன் ஒவ்வொன்றும் ஒரு சித்தராதல் வேண்டும். அது சித்தரை உயர்த்துவதாமா? மேலும், சமயத்தை ஆய்வுகூடத்தின் முடிபொன்றன்மேற் சார்த்தினால், அம்முடிபு திருத்தப்படும் நாளிலே சமயமும் சாயும். நம் மாணாக்கிக்கு அஃதே நேர்ந்தது. நாம் வைத்த முட்டு பொய்யாயிற்று; முட்டு வேண்டாது நின்ற சுவரும் ஆடுவதாக அவளுக்குத் தோன்றிற்று.

2004ஆம் ஆண்டிலே இந்திய அரசாங்கம் நன்கொடையாக அளித்த நடராச வடிவம் ஜெனீவாவிலுள்ள துணிக்கை ஆய்வுநிலையத்திலே நிறுவப்பட்டது. அதனைச் சொல்லி, பௌதிகம் சைவத்தை ஒப்புக்கொண்டது என்பாருளர். நன்கொடை வேறு, ஆய்வின் முடிபு வேறு. ஆனந்த குமாரசுவாமி சிவபெருமானின் கூத்தைப் பற்றிய தம் கட்டுரையை 1912ஆம் ஆண்டு சித்தாந்த தீபிகையிலே வெளியிட்டார். பின்னர் 1918இல் அஃது அவர்தம் நூலுக்குப் பெயராயிற்று. அக்கூத்திலே கவிதையும் அறிவும் ஒருங்கு நிற்றலை அவர் வியந்தவரே. ஆயினும் கல்லை ஆராய்ந்தபொழுது கூத்தைச் சான்றாக்கினாரல்லர். கூத்தை விளக்கியபொழுது தோரியனைற்றைச் சான்றாக்கினாரல்லர். விபுலானந்த அடிகளும் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரி, விஞ்ஞானம் கற்பித்தவர், துறவியுமாயினார். 1947ஆம் ஆண்டு வெளிவந்த யாழ்நூலிலே பழைய இசையை ஆராயப் புகுந்தவர், பெருமை பேசுதலோடு அமையாது, சுருதிகளைக் கணக்கிட்டுக் காட்டினார். பற்றுடையார் செய்யத்தக்கது இதுவே.

இன்னும் ஒரு வினா: இன்ன கரு இன்ன கணத்திலே சிதையும் என்று கூற இயலாது என்கின்றனரே; அங்ஙனமாயின் வினைப்பயன் என்பதும் அழிந்ததன்றோ? பிள்ளைகள் இதனைத் தவறாது கேட்பர். விடை இது: பௌதிகம் இலட்சக்கணக்கான கருக்களில் எத்துணைப் பங்கு எத்துணைக் காலத்திற் சிதையும் என்பதனைத் திட்டமாகக் கூறும்; தனிக் கருவின் கணத்தைக் கூறாது. அதன் காரணத்தைப் பற்றிப் பௌதிக நூலாருள்ளே வேறுவேறு கொள்கைகள் உள. அவ்வழக்கிலே ஆசிரியர் தீர்ப்புக் கூறவேண்டுவதில்லை. வினையோ உயிரைப் பற்றியது. சடமாகிய கருவுக்கு இருவினையுமில்லை, இன்பதுன்ப நுகர்ச்சியுமில்லை. ஆகவே இதனாற் சித்தாந்தம் அழிந்தது என்பதும், நிலைபெற்றது என்பதும் ஒருங்கே பிழை.

ஈற்றிலே, நம் மலைநாட்டு ஆசிரியர்களை மிகவும் கவரும் மயக்கமொன்று உண்டு. "வலியில்லாத துணிக்கையும் தடையைக் கடக்கின்றது, நீயும் உன் வறுமையைக் கடப்பாய்" என்று பிள்ளைக்கு ஆறுதல் கூறுதல் அது. இரக்கத்தாற் பிறந்த சொல்லாயினும் இதுவும் எல்லை கடந்த உவமையே. துணிக்கை முயல்வதில்லை, அதன் கடப்பு தற்செயலானது, தடையும் கடந்தபின் முன்போலவே நிற்கும். தற்செயலாக ஒருவர் கடந்தார் என்பதனால் எஞ்சியோர்க்கு என்ன ஆறுதல்? நம் மக்களின் வரலாறு அதுவன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களைச் சூழ எழுப்பிய மதிலை எவரும் ஊடுருவிச் செல்லவில்லை. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி பல்லாயிரம் குடும்பங்கள் கப்பலேறின. எஞ்சியோரின் விடாமுயற்சியால் அம்மதில் பகுதி பகுதியாகக் குறைக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினாலே நாடற்ற நிலை நீங்க வழியாயிற்று. மனிதர் எழுப்பிய மதில் மனிதராலேயே தகர்க்கப்படல் வேண்டும். அதற்குச் சிங்கமலையே நல்லுவமை. அங்கே மெய்யாகவே மனிதர் பாறையைக் குடைந்தனர். இலத்திரனை ஈண்டு அழைத்தல் இலத்திரனுக்கும் பொருந்தாது, பிள்ளைக்கும் பொருந்தாது.

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவது ஒன்றே. உவமையைக் கொடுத்தவர் அதன் எல்லையையும் உடன்கொடுக்கக் கடவர். பாடத்திலாயினும், பிரசங்கத்திலாயினும், ஆறுதலிலாயினும் இவ்விதி மாறாது. வகுப்பிலே செய்யத்தக்கது எளிது. கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, ஒருபுறம் ஒப்பனவும், மறுபுறம் ஒவ்வாதனவும் எழுதுக. ஒவ்வாதனவற்றைப் பிள்ளைகளையே கண்டு கூறச் செய்க. தாம் கண்டுபிடித்த எல்லையைப் பிள்ளைகள் மறப்பதில்லை.

அம்மாணாக்கிக்கு நாம் யாது கூறினோம் என்று கேட்பீராயின், மறுநாள் வகுப்பிலே எழுந்து நின்று, "முன்னர் நாம் கூறியது பிழை, உங்களை விழிப்பிக்க விரும்பிக் கூறினோம், கணக்கு இவள் செய்தபடியே சரி" என்றோம். சித்தரைப் பற்றிய நூல்கள் வேறு அளவையாற் கொள்ளப்படுவன என்றும், அவற்றை இக்கணக்கு நிறுவவுமில்லை, அழிக்கவுமில்லை என்றும் கூறினோம். சொல்லும்போது நாணம் மேலிட்டது. சொல்லி முடித்தபின் நெஞ்சம் இலேசாயிற்று. அப்பிள்ளை அடுத்த வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வந்தாள், கேள்விகளோடு வந்தாள். கேள்விகளோடு வரும் பிள்ளையை அஞ்சாது வரவேற்கும் ஆசிரியரே மெய்ப்பொருளாகிய சிவத்துக்குத் தொண்டு செய்பவராவர்.

திருச்சிற்றம்பலம்